மைக்ரோவேவ் சமையலும் அதற்கேற்ற பாத்திரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோவேவ் வாங்கிய வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். நிமிடக் கணக்கெல்லாம் 800 வாட் திறனுள்ள மைக்ரோவேவுக்கானது. உங்களுடையது வேறு திறன் என்றால் எப்படி மாற்றிக்கொள்வது என்பது 12ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. தீயே இல்லையே, அப்புறம் சாப்பாடு எப்படிச் சூடாகுது?

உள்ளே இருக்கும் மேக்னட்ரான் என்ற பாகம் மின்சாரத்தை நுண்ணலைகளாக மாற்றுகிறது. வீட்டு மைக்ரோவேவ்களின் அலைவெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், அலையின் நீளம் ஏறத்தாழ 12 செ.மீ. உணவில் உள்ள நீர் மூலக்கூறுகள் இந்த அலைக்கு ஏற்ப மாறி மாறித் திரும்ப முயல்கின்றன. அந்த அசைவுதான் சூடாகிறது. உப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவையும் ஓரளவு அலையை வாங்கிக்கொள்ளும்.

அடுப்பில் முதலில் பாத்திரம் காய்கிறது, பிறகு அதன் சூடு உணவுக்குப் போகிறது. மைக்ரோவேவில் சூடு உணவிலேயே பிறக்கிறது. பாத்திரத்தின் வேலை அலையைத் தடுக்காமல் உள்ளே விடுவது மட்டும்தான். கீழே வரும் பாத்திரக் கேள்விகள் பெரும்பாலும் இதில்தான் போய் முடியும்.

உணவு உள்ளிருந்து வெளியே வேகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அலை மேற்பரப்பிலிருந்து சுமார் 2 முதல் 4 செ.மீ. ஆழம் வரைதான் நன்றாக இறங்கும். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதிக்கு, வெளியே பிறந்த சூடு மெல்லப் பரவித்தான் போக வேண்டும்.

2. சோலோ, கிரில், கன்வெக்‌ஷன்னு மூணு வகை சொல்றாங்க. எது வாங்கணும்?

சூடு செய்யவும், காய் வேகவைக்கவும், இட்லி, சோறு வைக்கவும் சோலோ போதும். கிரில் வகையில் மேலே ஒரு ஹீட்டர் கம்பி கூடுதலாக இருக்கும். பனீரும் சிக்கனும் மேலே சிவக்கும். கன்வெக்‌ஷன் வகையில் ஹீட்டரோடு விசிறியும் உண்டு. அது கேக், பிஸ்கட் செய்யும் ஓவனாகவும் வேலை செய்யும். கேக் செய்யும் வழக்கம் இல்லாத வீட்டுக்கு கன்வெக்‌ஷன் வீண் செலவு என்பது எங்கள் கருத்து. 3, 4 பேர் உள்ள குடும்பத்துக்கு 20 முதல் 25 லிட்டர் சோலோ சரியாக இருக்கும்.

3. கதிர்வீச்சால கேன்சர் வரும்னு பயமா இருக்கே?

நுண்ணலை ரேடியோ அலைகளின் இனம். எக்ஸ்ரே போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து மரபணுவைக் கெடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அதனால் சூடாக்க மட்டுமே முடியும். மைக்ரோவேவ் நின்ற நொடியே அலையும் நின்றுவிடும். உணவில் எதுவும் தங்காது. கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் கம்பிவலையின் துளைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான், 12 செ.மீ. நீள அலை அதன் வழியே வெளியேற முடியாது.

அலையால் ஏற்படக்கூடிய உண்மையான ஆபத்து சூடுதான். உடம்பில் பட்டால் சதையைச் சுடும். கண்ணின் லென்ஸ் எளிதில் பாதிக்கப்படும். அதற்காகத்தான் கசிவுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்: வெளிப்பரப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தள்ளி நிற்க நிற்க இது வேகமாகக் குறையும். கதவு நேராக மூடுகிறதா, விளிம்பு வளைந்திருக்கிறதா, கீல் ஆடுகிறதா, பூட்டும் கொக்கி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் சரி செய்யும்வரை பயன்படுத்த வேண்டாம்.

4. சில்வர் பாத்திரம் வெச்சா என்ன ஆகும்? வெடிச்சுடுமா?

உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். எவர்சில்வர் கிண்ணத்தில் சாம்பார் வைத்தால் பக்கவாட்டிலும் அடியிலும் அலை போகாது. மேலே திறந்த வாய் வழியாக மட்டும் கொஞ்சம் இறங்கும். மேற்பரப்பு சுடும், அடி குளிர்ந்தே இருக்கும். திரும்பிய அலை மேக்னட்ரானுக்கே போய் அதன் ஆயுளையும் குறைக்கும்.

பொறி பறப்பது அடுத்த சிக்கல். கூரான முனை, மெல்லிய விளிம்பு, மைக்ரோவேவின் சுவரை ஒட்டிய இடம் ஆகியவற்றில் மின்னழுத்தம் குவிந்து பொறி கிளம்பும். முள்கரண்டி, கசங்கிய அலுமினியத் தாள், தங்கக் கோடு போட்ட தட்டு, பார்சல் பையின் ஸ்டேப்ளர் பின் எல்லாம் இந்த ரகம். பித்தளை, செம்பு, அலுமினியம், இரும்பு என எந்த உலோகமானாலும் சோலோவில் இடமில்லை. ஸ்டீல் வளையம் போட்ட கண்ணாடி மூடியும் அப்படியே.

5. அப்போ எந்தப் பாத்திரம்தான் வாங்கறது?

முதலிடம் போரோசிலிகேட் கண்ணாடிக்கு. சூட்டில் அது விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் வெப்ப மாற்றத்தைத் தாங்கும். கறை, வாசனை பிடிக்காது. வேகுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஒரு 2 லிட்டர் ஆழக் கிண்ணமும் ஒரு 1 லிட்டர் அகலக் கிண்ணமும் இருந்தால் வீட்டுச் சமையலில் பெரும்பங்கு நடக்கும்.

அடுத்தது உலோகக் கோடு இல்லாத, மைக்ரோவேவ் குறி உள்ள பீங்கான். அதற்கும் அடுத்துதான் பிளாஸ்டிக். அதிலும் மைக்ரோவேவுக்கென்றே செய்த பாலிபுரோப்பிலீன் மட்டும். சிலிகான் அச்சுகளும் நல்லவை.

வடிவத்தையும் கவனியுங்கள். சதுரப் பாத்திரத்தின் மூலைகளில் இரண்டு பக்கத்து அலையும் சேர்ந்து அங்கே மட்டும் காய்ந்து போகும். வட்டமோ முட்டை வடிவமோ மேல். வாங்குவதற்கு முன் சுழல்தட்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். காதுப்பிடி சுவரில் இடித்தால் தட்டு சுற்றாது.

6. பாத்திரத்துக்கு அடியில நிறைய குறி போட்டிருக்கு. எது மைக்ரோவேவ் குறி?

ஒன்றன்கீழ் ஒன்றாக நெளியும் கோடுகள், அல்லது பெட்டிக்குள் நெளிகோடுகள் இருந்தால் அதுதான். டம்ளரும் முள்கரண்டியும் சேர்ந்த படம் உணவு வைக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. சூடாக்கலாம் என்று சொல்லவில்லை. முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பிளாஸ்டிக்கின் இனம். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். ஆனால் 5 இருந்தாலே போதாது; நெளிகோடும் சேர்ந்திருக்க வேண்டும். 1, 3, 6 எண்கள் உள்ளவற்றைச் சூடாக்கவே வேண்டாம். 'பிபிஏ இல்லாதது' (பிபிஏ என்பது சில பிளாஸ்டிக்குகளில் இருக்கும் ஒரு வேதிப்பொருள்) என்ற வாசகமும் சூடு தாங்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

7. குறி எதுவும் இல்லாத பழைய பீங்கான் தட்டு இருக்கு. சோதிச்சுப் பார்க்க வழி உண்டா?

உண்டு. காலியான தட்டை உள்ளே வையுங்கள். அதன் மேலோ பக்கத்திலோ ஒரு கண்ணாடிக் கோப்பையில் 200 மி.லி. தண்ணீர் வையுங்கள். முழுத் திறனில் 1 நிமிடம் ஓடவிட்டு, தட்டைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் சூடாகி, தட்டு குளிர்ந்தே இருந்தால் பயன்படுத்தலாம். வெதுவெதுப்பாக இருந்தால் சற்று நேரம் சூடாக்க மட்டும். தட்டு சுட்டால் அது அலையைத் தானே குடிக்கிறது என்று பொருள், வேண்டாம். தண்ணீர்க் கோப்பை இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. உலோகத்துக்கும் உலோகக் கோடு போட்ட பாத்திரத்துக்கும் இந்தச் சோதனை கிடையாது.

8. மெலமைன் தட்டு பார்க்க பீங்கான் மாதிரியே இருக்கே, அதை வைக்கலாமா?

கூடாது. மெலமைன் அலையை வாங்கித் தானே கொதிக்கும், வெடிப்பு விடும். சூட்டில் அதிலிருந்து மெலமைன், ஃபார்மால்டிஹைடு வேதிப்பொருள்கள் உணவில் இறங்கவும் கூடும். புளிப்பான உணவில் இன்னும் அதிகம். பீங்கானைவிட எடை குறைவாக இருக்கும், தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மொட்டையாகச் சத்தம் வரும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

மண்சட்டியும் சிக்கல்தான். பூச்சு இல்லாத மண் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அந்த ஈரம் சூடாகிச் சட்டி பிளக்கலாம். பூச்சுப் பூசிய அலங்காரச் சட்டிகளின் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. மண்சட்டி மீன்குழம்பை அடுப்பிலேயே சூடாக்கிவிடுங்கள்.

9. ஹோட்டல் பார்சலை அப்படியே உள்ள வைக்கலாமா?

வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதே நல்லது. பிரியாணி வரும் அலுமினியத் தாள் டப்பா 4ஆம் கேள்வியில் சொன்ன உலோகம்தான். ரப்பர் பேண்டு போட்ட சாம்பார் பையும் தெர்மோகோல் தட்டும் இளகிவிடும். கறுப்பு அல்லது வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் நெளிகோட்டுக் குறி இருந்தாலும் அது ஒருமுறை பயன்பாட்டுக்கு என்று செய்த மெல்லிய பொருள். எண்ணெய் மிதக்கும் குழம்பு 100 டிகிரியைத் தாண்டிச் சுடும். அந்த இடத்தில் டப்பாவின் உட்புறம் கொப்பளித்துச் சொரசொரப்பாவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

செய்தித்தாளில் மடித்த வடை, பஜ்ஜியை அப்படியே வைக்க வேண்டாம். அச்சு மை உணவில் ஏறும், தாள் தீப்பற்றவும் கூடும். வாழை இலை வைக்கலாம்.

10. போரோசிலிகேட்னு சொல்லித்தான் வாங்கினேன். ஆனாலும் உடைஞ்சுடுச்சே, ஏன்?

எந்தக் கண்ணாடியும் திடீர் வெப்ப மாற்றத்தை ஓர் அளவுக்குத்தான் தாங்கும். வழக்கமான காரணங்கள் சில: ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை அப்படியே முழுத் திறனில் வைத்தது, சுடும் கிண்ணத்தை ஈரமான கிரானைட் மேடையில் இறக்கியது, அதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது, எண்ணெயை மட்டும் வைத்து ஓட்டியது, கம்பி நார் போட்டுத் தேய்த்து விழுந்த கீறல். விளிம்பில் சிறு சில்லு தெறித்திருந்தாலும் அந்த இடத்திலிருந்தே விரிசல் ஓடும். சில்லு போன கிண்ணத்தை மோர் வைக்க எடுத்துக்கொள்ளுங்கள், சூட்டுக்கு வேண்டாம்.

சுடும் கிண்ணத்தை இறக்க ஒரு மரப்பலகையோ மடித்த உலர்ந்த துணியோ தயாராக இருக்கட்டும். கண்ணாடி டப்பாவோடு வரும் நான்கு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் மூடியைச் சூடாக்கும்போது எடுத்துவிட வேண்டும். பூட்டிய டப்பாவில் ஆவி அடைபட்டு மூடி தெறிக்கும்.

11. ஓரத்துல கொதிக்குது, நடுவுல ஜில்லுனு இருக்கு. மெஷின் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் வலுவாகவும் சில இடங்களில் வலுவின்றியும் நிலைத்து நிற்கின்றன. சுழல்தட்டு இருப்பது இதை ஈடுகட்டத்தான். தட்டின் நட்டநடுவில் வைத்த பொருள் இருந்த இடத்திலேயே சுற்றும். கொஞ்சம் ஓரமாக வைத்தால் எல்லா இடத்தையும் தொட்டு வரும். இரண்டு மூன்று கிண்ணம் என்றால் வட்டமாக அடுக்கி நடுவைக் காலியாக விடுங்கள். சோறு, பொரியல் போன்றவற்றைத் தட்டில் பரப்பி நடுவில் குழி செய்துவிடலாம்.

சாம்பார், ரசம், குழம்பில் இந்தத் தொல்லை அதிகம். உப்பு கூடிய உணவில் அலை மேலாகவே தீர்ந்துவிடுகிறது, ஆழம் போவதில்லை. ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து அடிவரை கிளறுங்கள். முடிந்ததும் மூடியபடி 2 நிமிடம் நிற்கவிடுங்கள். இந்த நிற்கும் நேரம் சமையலின் ஒரு பகுதி. அப்போதுதான் ஓரத்துச் சூடு நடுவுக்குப் போகிறது.

மூடுவதும் இதோடு சேர்ந்ததே. மூடி தளர்வாக, ஆவி போக ஒரு விரல் இடைவெளியோடு இருக்க வேண்டும். ஆவி உள்ளே சுற்றினால் சூடு சமமாகும், உணவும் காயாது. பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் அது உணவில் படக் கூடாது.

12. ரெசிப்பியில 4 நிமிஷம்னு போட்டிருக்கு, எனக்கு 6 நிமிஷம் ஆகுது. ஏன்?

திறன் வேறுபடுகிறது. பெட்டியில் 1,200 வாட் என்று இருப்பது பெரும்பாலும் மின்சாரம் இழுக்கும் அளவு; உணவுக்குக் கிடைப்பது 700 அல்லது 800 வாட். கணக்கு எளிது: 800 வாட்டுக்குச் சொன்ன நேரத்தை 800ஆல் பெருக்கி, உங்கள் வாட்டால் வகுங்கள். 4 நிமிடம் என்பது 700 வாட்டில் சுமார் 4 நிமிடம் 35 விநாடி. உணவின் அளவு இரட்டித்தால் நேரமும் ஏறத்தாழ இரட்டிக்கும். அடுப்பு போல ஒரே நேரத்தில் முடியாது.

உங்கள் மைக்ரோவேவின் உண்மையான திறனை அறிய 1 லிட்டர் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் போதும். தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழுத் திறனில் சரியாக 2 நிமிடம் ஓட்டி, உடனே கிளறி மறுபடி அளவு எடுங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 35ஆல் பெருக்குங்கள். 20 டிகிரி ஏறினால் 700 வாட். 800 வாட் என்று வாங்கியது 450 காட்டினால் மேக்னட்ரான் தளர்ந்திருக்கலாம், அல்லது அந்த நேரத்தில் மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் பகுதிகளில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

13. சோறு வைக்கலாமா?

பச்சரிசி, பாசுமதி நன்றாக வரும். 1 கப் அரிசியைக் கழுவி 30 நிமிடம் ஊறவைத்து, வடித்துவிட்டு, 2 கப் தண்ணீர் ஊற்றி 2 லிட்டர் ஆழக் கிண்ணத்தில் மூடாமல் வையுங்கள். முழுத் திறனில் 10 நிமிடம். தண்ணீர் வற்றி மேலே குழிகள் தெரியும்போது மூடி, பாதித் திறனில் 4 நிமிடம். பிறகு 5 நிமிடம் நிற்கட்டும். கிண்ணம் சிறிதாக இருந்தால் கஞ்சி பொங்கித் தட்டெல்லாம் வழியும். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

புழுங்கல் அரிசிக்குக் குக்கரே மேல். தண்ணீரும் நேரமும் கூடுதலாக வாங்கும், மின்சாரமும் செலவாகும். அவ்வளவு செய்தும் சோறு குழைவாக வருவதில்லை.

14. இட்லி ஊத்தினா கல்லு மாதிரி ஆகுது.

நேரம் அதிகமாகிறது. மைக்ரோவேவுக்கான பிளாஸ்டிக் இட்லித் தட்டின் அடிப்பாத்திரத்தில் அரை கப் தண்ணீர் ஊற்றி, 4 இட்லிக்கு 3 நிமிடம் மட்டும் வையுங்கள். மேலே லேசாக ஈரம் தெரிந்தாலும் எடுத்து, மூடியைத் திறக்காமல் 2 நிமிடம் விடுங்கள், அதிலேயே வெந்துவிடும். ஒரு அரை நிமிடம் கூடினாலும் மாவிலுள்ள ஈரம் போய் இட்லி விறைத்துவிடும்.

15. முட்டை வெடிக்கும்னு தெரியும். வேற என்னென்ன வெடிக்கும்?

தோலோ ஓடோ மூடிய எதுவும் வெடிக்கும். உள்ளே பிறக்கும் ஆவி வெளியேற வழியில்லை என்பதே காரணம். பலாக்கொட்டை, முழு உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முழுக் கத்தரிக்காய், தக்காளி எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. கிழங்குகளையும் கத்தரிக்காயையும் முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் ஆழமாகக் குத்தி வையுங்கள். பலாக்கொட்டையை இரண்டாக நறுக்கிவிடுங்கள்.

முட்டையில் ஓடு உரித்தாலும் ஆபத்து தீரவில்லை. வேகவைத்து உரித்த முழு முட்டையைச் சூடாக்கினால் மஞ்சள் கருவுக்குள் சூடு தேங்கி நிற்கும். மைக்ரோவேவில் சும்மா இருக்கும். வெளியே எடுத்துக் கடிக்கும் நொடியில் வெடித்து வாயும் முகமும் வெந்துபோகும். முட்டைக் குழம்பைச் சூடாக்கும்போது முட்டையைக் கட்டாயம் பாதியாக வெட்டிப் போடுங்கள்.

16. தண்ணி கொதிக்கவே இல்லை, காபித்தூள் போட்டதும் பொங்கி மேல தெறிச்சுது. எப்படி?

மிகை சூடு என்பது இதுதான். வழவழப்பான, புதிய கோப்பையில் குமிழி உண்டாகப் பிடிமானம் இல்லாமல், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கும். தூளோ கரண்டியோ பட்டதும் ஒரே வீச்சில் ஆவியாகிக் கொந்தளிக்கும். ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி வைத்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். அதில் கரைந்திருந்த காற்று ஏற்கெனவே போயிருக்கும்.

கோப்பைக்குள் ஒரு மரக் கரண்டியோ மரக்குச்சியோ போட்டுச் சூடாக்குங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு 2 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நின்ற பிறகு அரை நிமிடம் உள்ளேயே விட்டு, முகத்தை விலக்கி எடுங்கள்.

17. தாளிக்கலாமா? அப்பளம் சுடலாமா? மிளகாய் வறுக்கலாமா?

அப்பளம் சுடலாம். இருபுறமும் துளி எண்ணெய் தடவி, ஒன்று மட்டும் வைத்து 40 முதல் 60 விநாடி. பக்கத்திலேயே நில்லுங்கள். கறிவேப்பிலையைத் துடைத்துத் தட்டில் பரப்பி, அரை அரை நிமிடமாக 2 நிமிடம் வைத்தால் பச்சை மாறாமல் மொறுமொறுப்பாகும். பொடி செய்ய ஏற்றது.

தாளிப்பதை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து எச்சரிக்கும். எண்ணெய்க்கு அப்படி ஒரு எல்லை இல்லை. அமைதியாகவே 200 டிகிரியைத் தாண்டிப் பிளாஸ்டிக்கை உருக்கும், கண்ணாடியை உடைக்கும், தீயும் பிடிக்கும். பொரிப்பது அறவே கூடாது. காய்ந்த மிளகாயை நீண்ட நேரம் வைத்தால் அது கருகிப் பற்றும். கதவைத் திறந்ததும் வரும் நெடி கண்ணையும் தொண்டையையும் அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம்.

18. குழந்தைக்குப் பால் சூடு பண்ணலாமா?

வேண்டாம். புட்டி கைக்குக் குளிர்ந்தே இருக்கும். உள்ளே ஓரிடத்தில் பால் கொதிநிலையில் இருக்கும். குலுக்கினாலும் அந்த வேறுபாடு முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. எடுத்து வைத்த தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களும் அதிகச் சூட்டில் குறைந்துவிடும். ஒரு கிண்ணம் வெந்நீரில் புட்டியைச் சில நிமிடம் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

19. நேத்து வெச்ச சோறு. நல்லா ஆவி பறக்கச் சூடு பண்ணிட்டா போதும்ல?

சோறு எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வேகும்போதும் அவை சாவதில்லை. மேடையில் பல மணி நேரம் கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. இரவு முழுக்க வெளியே இருந்த சோற்றை மைக்ரோவேவ் காப்பாற்றாது.

மீந்த உணவை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் 1 மணி நேரத்துக்குள். சோற்றை அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். மறுநாள் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, நடுப்பகுதியும் 74 டிகிரி எட்டும்வரை சூடாக்குங்கள். வெப்பமானி இல்லையென்றால், நடுவிலிருந்து எடுத்த கவளத்திலும் ஆவி பறக்க வேண்டும். சாப்பிடும் அளவை மட்டும் சூடாக்குங்கள். இரண்டாவது முறை சூடாக்குவதைத் தவிருங்கள்.

20. ஃப்ரீசர் சிக்கன் ஓரத்துல வெந்துடுது, நடுவுல ஐஸா இருக்கு.

ஐஸ் அலையை மிகக் குறைவாகவே வாங்கும், தண்ணீர் நிறைய வாங்கும். எந்த ஓரம் முதலில் உருகியதோ அதுவே மேலும் மேலும் சூடாகி வெந்துவிடும். டிஃப்ராஸ்ட் பொத்தானையோ 30 சதவீதத் திறனையோ பயன்படுத்துங்கள். அரைக் கிலோவுக்கு 7, 8 நிமிடம் ஆகும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, பிரிந்த துண்டுகளை எடுத்துவிடுங்கள். சில இடங்கள் வெதுவெதுப்பாகியிருக்கும் என்பதால் உருகிய கறியை உடனே சமைத்துவிட வேண்டும், மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது.

21. உலோகம் கூடாதுன்னீங்க. ஆனா கேக்குக்கு அலுமினிய டின் வைக்கச் சொல்றாங்களே?

கன்வெக்‌ஷன் மட்டும் ஓடும்போது நுண்ணலை இல்லை, ஹீட்டரும் விசிறியும்தான். அது சாதாரண ஓவன் போலத்தான் என்பதால் அலுமினிய டின் சரி. அப்போது நேர்மாறான கவனம் வேண்டும்: 180 டிகிரியில் மைக்ரோவேவ் குறி உள்ள பிளாஸ்டிக்கும் உருகிவிடும். கிரில்லிலும் பிளாஸ்டிக் கூடாது. நுண்ணலையும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும் கூட்டுமுறையில் உலோகமும் கூடாது, பிளாஸ்டிக்கும் கூடாது; போரோசிலிகேட், பீங்கான் மட்டும். மெஷினோடு வந்த கம்பித் தாங்கி மட்டும் விதிவிலக்கு, அதுவும் கையேடு சொல்லும் முறையில் மட்டும். கேக் முடிந்ததும் அந்த டின்னிலேயே எதையாவது வைத்து மைக்ரோ பொத்தானை அழுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. பொத்தானை அழுத்துமுன் திரையில் எந்த முறை தெரிகிறது என்று பார்த்துவிடுங்கள்.

22. உலோகமே வைக்கலை, ஆனாலும் உள்ள பொறி பறக்குது.

உள்சுவரில், பெரும்பாலும் வலப்பக்கம், அட்டை போன்ற ஒரு தகடு இருக்கும். அது மைக்கா ஷீட். அலை உள்ளே வரும் வழியை மூடியிருப்பது. அதில் எண்ணெய் தெறித்துக் காய்ந்தால் அந்த இடம் கரியாகிப் பொறி கிளம்பும். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். கருகி ஓட்டை விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். உங்கள் மாடலுக்கான ஷீட் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். ஷீட் இல்லாமல் ஓட்டக் கூடாது.

ஷீட் நன்றாக இருந்தால் சுவரின் பெயின்ட் உரிந்து துரு தெரிகிறதா பாருங்கள். அதுவும் பொறிக்குக் காரணம். சில நேரம் நறுக்கிய கேரட், பச்சை மிளகாய்த் துண்டுகளுக்கு இடையிலும் சிறு பொறி வரும். கொஞ்சம் தண்ணீர் விட்டால் நின்றுவிடும்.

23. உள்ள தீப்பிடிச்சா?

கதவைத் திறக்காதீர்கள், காற்று கிடைத்தால் தீ வளரும். சுவர் ஸ்விட்சை அணையுங்கள். மூடிய பெட்டிக்குள் தீ தானே அடங்கிவிடும். புகை முழுதும் ஓய்ந்து, பெட்டி ஆறிய பிறகே திறக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

24. மொபைலை உள்ள வெச்சு கால் பண்ணினேன், ரிங் அடிச்சுது. அப்போ கசியுதுதானே?

அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. மிக மிக நுணுக்கமான சிக்னலையும் பிடிக்கும்படி செய்யப்பட்டது மொபைல். அலையில் பெரும்பகுதி தடுக்கப்பட்டாலும் மீதியில் ரிங் அடித்துவிடும். கதவின் தடுப்பு அமைப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸுக்கென்றே கணக்கிட்டது. மொபைல் வேறு அலைவெண்களில் பேசுகிறது. மைக்ரோவேவ் ஓடும்போது வைஃபை தடுமாறுவதும் கெட்ட அறிகுறி அல்ல: வைஃபையின் ஒரு பட்டை இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இருப்பதால், வரம்புக்குள் இருக்கும் சிறு கசிவும் அதைக் குழப்பும். பார்க்க வேண்டியது 3ஆம் பதிலில் சொன்ன கதவைத்தான். மொபைலை உள்ளே வைத்தபடி மறந்தும் ஓட்டிவிடாதீர்கள், பேட்டரி வெடிக்கும்.

25. மிக்சி போடற பிளக்லயே போடலாமா? இன்வெர்ட்டர்ல ஓடுமா?

சோலோ சுமார் 1,200 வாட் இழுக்கும். அதுவே 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கு மேல். 6 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ அதன் எல்லையில் நிற்கும். கன்வெக்‌ஷன் 2,000 வாட்டைத் தாண்டலாம். எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் தனியாகப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரும் அடாப்டரும் சூடாகி இளகும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டக் கூடாது. பின்புறம் 10 செ.மீ., மேலே 20 செ.மீ. காற்றோட்ட இடம் விடுங்கள். மேலே துணி, மாவு டப்பா எதையும் அடுக்க வேண்டாம்.

26. மீன் குழம்பு வாசனை போகவே மாட்டேங்குது.

ஒரு கிண்ணத்தில் பாதி தண்ணீர், ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தோலோடு போட்டு, ஒரு மரக்குச்சியும் இட்டு 4 நிமிடம் ஓட்டுங்கள். குச்சி எதற்கென்பது 16இல் இருக்கிறது. 5 நிமிடம் திறக்காமல் விட்டால் காய்ந்த தெறிப்புகள் இளகிவிடும். துணியால் துடைத்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். கதவின் விளிம்பில் பிசுக்கு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் கதவு சரியாக அமராமல் போகும்.

27. தட்டு சுத்துது, லைட் எரியுது, சூடு மட்டும் வரலை. நானே கழட்டிப் பார்க்கலாமா?

வெளிக்கூட்டைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கியில் 2,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். டிவி, மிக்சி பழுது பார்த்துப் பழகியவர்களும் இதில் உயிரிழக்க வாய்ப்புண்டு. சில மேக்னட்ரான்களின் பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்சைடு உண்டு. அதை உடைத்துத் தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு.

நீங்கள் செய்யக்கூடியவை: வேறு பிளக்கில் போட்டுப் பார்ப்பது, கதவு முழுதாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பது, 12இல் சொன்ன தண்ணீர்ச் சோதனை. தட்டு சுற்றவில்லை என்றால் மட்டும் கண்ணாடித் தட்டையும் உருளை வளையத்தையும் எடுத்துக் கழுவி, நடுவிலுள்ள மூன்று காது பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கையாலேயே மாற்றலாம். மேக்னட்ரான், டயோடு, மின்தேக்கி, கதவு ஸ்விட்ச் ஆகியவை பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. அவர் வேலையை முடித்ததும், ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் உடனே நிற்கிறதா என்பதை அவர் முன்னிலையிலேயே சோதித்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.